கம்பெனி போனும் குண்டூசித் தட்டும்

அந்த போன் வீட்டுக்குள் நுழைந்த மறுவாரமே தையல்காரிக்குச் சம்பளமில்லாத உத்தியோகம் ஒன்று சேர்ந்துகொண்டது. போன் என்னவோ அவள் கணவருக்குத்தான் கொடுத்தார்கள். லிஃப்ட் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் மெக்கானிக்காக இருந்து, மொட்டைமாடி மோட்டார் அறைகளுக்கு இரும்பு ஏணியில் ஏறி ஏறி இரண்டு முழங்காலையும் தேய்த்துக்கொண்ட பிறகு, போன வருஷம்தான் அவரை சூப்பர்வைசர் ஆக்கினார்கள். தரையில் நின்றபடி ஆறு மெக்கானிக்குகளை மேய்க்கும் வேலை. எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றாலும் ஆபீஸ் அவரைக் கூப்பிடும். யார் எங்கே இருக்கிறார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும், அனுப்புவதும் அவர்தான்.

போன் என்றால் வெறும் போன் இல்லை. மேல்பாதி திரை, கீழ்ப்பாதி முழுக்கப் பொத்தான். ஒவ்வொரு பொத்தானும் ஒரு உளுந்து அளவு. நடுவில் விரலால் உருட்ட ஒரு குண்டு. நெற்றியில் ஒரு சிவப்பு விளக்கு. மெயில் வந்துவிட்டால் எடுத்துப் பார்க்கும்வரை மினுக்கிக்கொண்டே இருக்கும். கொடுத்த அன்று ஆபீஸ் கம்ப்யூட்டர்காரர் அரை நாள் பாடம் நடத்தினாராம்.

"மெயிலை நாம போய்ப் பாக்க வேண்டாமாம். அதுவே நம்மளைத் தேடி வந்துடுமாம்" என்று வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னார்.

"தேடி வர்றதுக்கு நீங்க என்ன ஓடிப்போன ஆளா?" என்றாள் தையல்காரி.

ஸ்பேனர் பிடித்துப் பருத்த விரல் அவருக்கு. ஒரு பொத்தானை அழுத்தினால் அக்கம்பக்கத்தில் இருக்கிற மூன்றும் சேர்ந்து எழுந்து வரும். முதல் வாரம் மேனேஜருக்கு அவர் அனுப்பிய மெயிலைப் படித்துவிட்டு, அது எந்த பாஷை என்று ஆபீஸே கூடிப் பேசியதாம். அதன் பிறகுதான் அந்த உத்தியோகம் இவள் தலையில் விழுந்தது. ஆபீஸ் இரண்டு தெரு தள்ளித்தான், மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்துவிடுவார். வந்ததும் தையல் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொல்லச் சொல்ல, இவள் காஜா எடுத்துக்கொண்டிருந்த கையோடு உளுந்துப் பொத்தான்களைத் தட்ட வேண்டும்.

"எழுது. வணக்கம் சார். நாலாவது பிளாக்ல கதவு பெல்ட் மாத்தியாச்சு."

"வணக்கம் எதுக்கு? காலைல ஒண்ணு போட்டமே."

"அது அந்த மெயிலுக்கு. இது இந்த மெயிலுக்கு."

"ஒரே ஆளுக்கு ஒரு நாளைக்கு எத்தனை வணக்கம்? அவருக்கே கை வலிக்கப் போகுது."

"நீ எழுதும்மா, சோறு ஆறுது."

போனுக்கு ஒரு கடவுச்சொல் வேறு. பத்துத் தடவை தப்பாக அடித்தால் உள்ளே இருப்பதையெல்லாம் தானே அழித்துக்கொள்ளுமாம். ஒரு நாள் காலையில் அவருடைய விரல் எட்டாவது தப்பு வரைக்கும் போய்விட்டது. குளித்துக்கொண்டிருந்தவள் ஈரத்தலையோடு ஓடிவந்து பிடுங்கினாள்.

"அப்படி என்ன ரகசியம் இருக்கு இதுல? எந்த வீட்டு லிஃப்ட்ல கதவு மூடலைங்கிறதா?"

"கம்பெனி விஷயம்" என்றார் அவர்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவளால் பொறுக்க முடியாதது மணிச் சத்தம். மழைக்காலம் வேறு. லிஃப்டின் அடிக்குழியில் தண்ணீர் நின்றுவிட்டால் ஊரில் பாதி லிஃப்ட் படுத்துவிடும். ஒரு வாய் வைப்பார், மணி அடிக்கும். எச்சில் கையை ஒதுக்கிக்கொண்டு, இடது கையால் போனைக் காதில் வைத்து, அறைக்கும் வாசலுக்குமாக நடப்பார். திரும்பி வந்து உட்காரும்போது தட்டில் எல்லாம் காய்ந்து போயிருக்கும். மூன்று மாதம் இப்படித்தான் போயிற்று. கல்யாணமாகி பத்தொன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட அவரோடு நிதானமாக உட்கார்ந்து சாப்பிட்டதில்லை என்று அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது. மெக்கானிக்காக இருந்தபோது மதியச் சாப்பாடு மோட்டார் அறையில், சூப்பர்வைசர் ஆனபிறகு வாசல்படியில்.

ஆனால் கடந்த இரண்டு மாதமாக என்ன புண்ணியமோ, மதியத்தில் போன் அடங்கிவிட்டது. அவர் வருவார், போனை இடுப்புப் பையிலிருந்து எடுத்துத் தையல் மேசையில், மடித்து வைத்த கோட்டுத் துணி அடுக்கின்மேல் வைப்பார், கை கழுவுவார், உட்காருவார். அரை மணி நேரம் ஒரு சத்தம் இருக்காது. முதல் சில நாள் இருவருக்கும் என்ன பேசுவதென்றே தெரியவில்லை. அப்புறம் மெல்லப் பேச்சு வந்தது.

"இது யாரோட கோட்டு?" என்று ஒரு நாள் கேட்டார்.

"பாங்க் வாட்ச்மேனோடது. தோள்ல பிடிச்சுச் சின்னதாக்கணும். முன்னாடி இருந்த ஆளு பெருசு போல."

"பாவம், அந்த ஆளுக்கு என்னாச்சு?"

"அவருக்கு என்ன, ரிட்டையர் ஆயிட்டாரு. இந்தக் கோட்டுக்குத்தான் ரிட்டையர்மெண்ட் இல்ல."

அவர் சிரித்தார். முட்டையை இரண்டாகப் பிட்டுப் பெரிய பாதியை அவள் தட்டில் வைத்தார். இன்னொரு நாள் கீழே உருண்டுபோயிருந்த குண்டூசித் தட்டைத் தாமாகவே குனிந்து எடுத்து மேசைமேல் துணி அடுக்கை ஒட்டி வைத்தார். முழங்கால் வலிக்காரர், விழுந்த துண்டையே 'எடுத்துக் குடு' என்பவர், குனிந்து எடுத்தார் என்றால் மனுஷர் திருந்திவிட்டார் என்றுதான் அவள் நினைத்தாள்.

அந்தக் குண்டூசித் தட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாணமான புதிதில் அவர் செய்து கொடுத்தது. உடைந்த ஒலிபெருக்கியிலிருந்து காந்தத்தைக் கழற்றி, ஒரு எவர்சில்வர் சாசருக்கு அடியில் ஒட்டினார். தூர நின்று ஊசியைப் போட்டாலும் 'சடக்'கென்று பிடித்துக்கொள்ளும். தரையில் நூறு ஊசி சிதறினாலும் தட்டைக் கவிழ்த்து ஒரு இழுப்பு இழுத்தால் போதும். பத்தொன்பது வருஷத்தில் அவர் அவளுக்குக் கொடுத்த பரிசு அது ஒன்றுதான். எத்தனையோ தடவை அதைச் சொல்லிக் காட்டியிருக்கிறாள், அதற்காக அதைத் தூக்கிப் போட்டதில்லை.

இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்த மதியங்களுக்கு நடுவில்தான் டீச்சர் மாட்டிக்கொண்டார்.

அன்றைக்குக் காலையிலிருந்தே அடைமழை. ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு தம் அடுக்குமாடிக்குத் திரும்பி, லிஃப்டில் ஏறி, இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நின்றுபோனார். விளக்கும் அணைந்துவிட்டது. காவலாளி ஆபீசைக் கூப்பிட்டார். ஆபீஸ் சூப்பர்வைசரைக் கூப்பிட்டது. ஒரு தடவை இல்லை, பதினோரு தடவை. சூப்பர்வைசர் அப்போது மனைவியோடு உட்கார்ந்து இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் மேனேஜரே மழையில் ஓடி ஒரு மெக்கானிக்கைத் தேடிப் பிடித்து அனுப்பும்போது நாற்பது நிமிஷம் ஆகிவிட்டது. 'நாற்பது நிமிஷம் இருட்டில் அந்த மீனும் நானும்' என்று டீச்சர் கம்பெனிக்கு இரண்டு பக்கம் எழுதிவிட்டார்.

இதற்கு முன்னாலும் இரண்டு தடவை மதியத்தில் போனை எடுக்கவில்லை என்று பேச்சு வந்திருந்தது. 'டவர் இல்லை' என்று சொல்லியிருந்தார். கம்ப்யூட்டர்காரர் போனை வாங்கி இரண்டு தடவையும் சோதித்துவிட்டு, போன் நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். மூன்றாவது தடவை மேனேஜர் வாயைத் திறந்து திட்டவில்லை. மறுநாள் காலையில் ஒரு மெயில் அனுப்பினார். மாலை நாலு மணிக்குள் எழுத்தில் விளக்கம் வேண்டும்; இல்லையென்றால் அடுத்த வாரத்திலிருந்து பழையபடி மெக்கானிக்.

அந்த மெயிலை மதியம் உரக்கப் படித்துக் காட்டியது தையல்காரிதான். படியில் நாலு எட்டு வைத்தாலே சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மனுஷர். மறுபடியும் ஏணி ஏறினால் முழங்கால் ஒரு வருஷம்கூடத் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"எழுது. வணக்கம் சார்" என்றார் அவர், சுரத்தே இல்லாமல்.

"வணக்கம் போட்டாச்சு. மேல சொல்லுங்க."

"டவர் இல்ல."

"டவர் இல்லாமத்தான் அதுல பதினோரு தடவை கூப்பிட்டதுன்னு காட்டுதா? கேக்கிறவன் கேனையனா இருந்தா எதை வேணா சொல்லுவீங்களா?"

அவளுக்கு எரிச்சல் தாங்கவில்லை. போனைத் துணி அடுக்கின்மேல் வைத்துவிட்டு நூலை அறுத்தாள். திரை அணைந்தது. எடுத்தாள், திரை எரிந்தது. இரண்டு வார்த்தை அடித்தாள், யோசிப்பதற்காகக் கீழே வைத்தாள், அணைந்தது.

"சனியன், இது ஏன் இங்க வெச்சா மட்டும் செத்துப் போகுது?"

"அது அப்படித்தான். நீ எழுது."

"இருங்க."

சாப்பாட்டு மேசையில் வைத்துப் பார்த்தாள், எரிந்தது. ஜன்னலில் வைத்தாள், எரிந்தது. துணி அடுக்குக்குக் கொண்டுவந்தாள், அணைந்தது. அப்போது குண்டூசித் தட்டு கண்ணில் பட்டது. தட்டை எடுத்துக்கொண்டு போனுக்குக் கிட்டே போனாள், அணைந்தது. விலக்கினாள், எரிந்தது. கிட்டே, தூர, கிட்டே, தூர.

"ஏங்க, உங்க இடுப்புப் பையில காந்தம் இருக்கா?"

இருந்தது. அதைக் கம்ப்யூட்டர்காரர் முதல் நாளே சொல்லியிருந்தார், இவர்தான் வீட்டில் சொல்லவில்லை. தோல் பைக்குள் ஒரு சின்னக் காந்தம் தைத்திருக்கிறது. அதை வைத்துத்தான் போன் தான் பைக்குள் இருப்பதைத் தெரிந்துகொள்ளும். பைக்குள் இருந்தால் திரையை அணைத்துக்கொண்டு அதிர மட்டும் செய்யும், இடுப்பில் இருப்பவருக்கு அது போதும். வெளியே எடுத்துவிட்டால் மணி அடிக்கும். கம்பெனி கொடுத்த எல்லா போனிலும் அப்படித்தான் வைத்துக் கொடுத்திருந்தார்கள்.

"அப்போ, என் குண்டூசித் தட்டுப் பக்கத்துல வெச்சதும் இது பைக்குள்ள போயிட்டதா நினைச்சுக்கிச்சு. மணி அடிக்கல. கெட்டித் துணி மேல அதிர்ந்தா யாருக்குக் கேக்கும்?" தையல்காரி தலையில் கை வைத்துக்கொண்டாள். "கிணறு வெட்டப் பூதம் கிளம்புன கதையா, உங்க வேலைக்கு என் ஊசித் தட்டுதான் எமனா வந்திருக்கு! கிளம்புங்க ஆபீசுக்கு."

"எதுக்கு?"

"எதுக்கா? உங்க மேல தப்பில்லன்னு காட்டத்தான்."

"வேணாம் விடு. பொண்டாட்டி ஊசித் தட்டால லிஃப்ட்ல ஆள் மாட்டிக்கிச்சுன்னு சொன்னா சிரிப்பாங்க."

"சிரிச்சுட்டுப் போகட்டும். ஏணி ஏறப் போறது அவங்க முழங்காலா, உங்க முழங்காலா?"

"நான் சொல்றதைக் கேளும்மா..."

"பத்தொன்பது வருஷமா கேட்டுட்டேன். குடையை எடுங்க."

ஊசிகளை ஒரு டப்பாவில் கொட்டிவிட்டு, தட்டையும் வாட்ச்மேன் கோட்டையும் பையில் போட்டுக்கொண்டாள். வழிநெடுக அவர் ஒரு அடி பின்னால் வந்தார். முழங்கால்தான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மேனேஜர் கெட்டவர் இல்லை, தூக்கமில்லாதவர். மேசையில் அவருக்கும் அதே மாதிரி ஒரு போன் இருந்தது. டீச்சரின் இரண்டு பக்கக் கடிதம் கண்ணாடிக்கு அடியில் இருந்தது.

"சார், ஒரு நிமிஷம்" என்றாள் தையல்காரி. கோட்டை நாலாக மடித்து மேசைமேல் வைத்தாள். அதன்மேல், கேட்காமலே, மேனேஜருடைய போனை எடுத்து வைத்தாள். பக்கத்தில் தட்டை வைத்தாள். "இப்ப உங்க மேசை போன்லருந்து இதைக் கூப்பிடுங்க."

"என்னம்மா இது?"

"கூப்பிடுங்க சார், சொல்றேன்."

மேனேஜர் தம் நம்பரைத் தாமே சுழற்றினார். ரிசீவரில் மணி போவது எல்லோருக்கும் கேட்டது. கோட்டின்மேல் இருந்த போன் கல்லுப்பிள்ளையாராட்டம் கிடந்தது. மேனேஜர் குனிந்து காதைக் கொண்டுபோனார். 'உர்ர்' என்று ஏதோ துணிக்குள் முனகியது. அவள் தட்டை எடுத்து நகர்த்தினாள். "இன்னொரு தடவை சார்." இந்தத் தடவை மணி அறையே அதிர அடித்தது.

மேனேஜர் கம்ப்யூட்டர்காரரைக் கூப்பிட்டார். அவர் வந்து, தட்டை வைத்து, எடுத்து, வைத்து, எடுத்து, நாலு தடவை பார்த்தார். முகம் தொங்கிப்போயிற்று.

"இதை நாங்க டெஸ்ட் பண்ணல சார்" என்றார்.

"எப்படிப் பண்ணுவீங்க? உங்க வீட்ல யாராவது தைக்கிறாங்களா?" என்றாள் தையல்காரி. அவளுக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு பெருமை. "இவரு மேல பழி போட்டு எழுதிக் கொடுத்துட்டீங்க. மனுஷர் நேத்து ராத்திரி சாப்பிடவே இல்ல. போன்ல ஆயிரம் வசதி வெச்சீங்க, பக்கத்துல இருக்கறது பையா தட்டான்னு தெரிஞ்சுக்கிற வசதி ஒண்ணு வெக்கல."

மேனேஜர் நெடுநேரம் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சூப்பர்வைசரைப் பார்த்து, "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்" என்றார். அவர் தரையைப் பார்த்தபடி நின்றார். விளக்கம் எழுத வேண்டாம், விஷயம் முடிந்தது, டீச்சருக்குத் தாமே பதில் எழுதிக்கொள்வதாகச் சொல்லி மேனேஜர் கோட்டை அவளிடம் திருப்பிக் கொடுத்தார்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று அவள் குடையை விரித்தாள். மழை தூறலாக இறங்கியிருந்தது. ஒரே குடைக்குள் இரண்டு பேரும் பாதி நனைந்தபடி நடந்தார்கள். பேக்கரியைத் தாண்டும்போது அவர் நின்றார்.

"எனக்குத் தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"தட்டுப் பக்கத்துல வெச்சா அடிக்காதுன்னு. ரெண்டு மாசமா தெரியும். முதல் தடவை தானாத்தான் நடந்துச்சு. அப்புறம் நான்தான் தினமும் வெச்சேன்."

தையல்காரிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் குடையைத் தாழ்த்திவிட்டாள். இரண்டு பேர் தலையிலும் தூறல் விழுந்தது.

"தெரிஞ்சேவா?"

"அரை மணி நேரம்தானே. சாப்பிட்டதும் எடுத்துப் பாத்து கூப்பிட்டுக்கலாம்னு. எப்பவும் கதவு மூடல, லைட் எரியலன்னுதான் வரும். உன்கூட உக்காந்து மனுஷனாட்டம் சாப்பிடணும்னு இருந்துச்சு. அவ்வளவுதான்."

"உள்ள ஒரு மனுஷி இருட்டுல நின்னுட்டு இருந்திருக்காங்க!"

"தெரியும்."

"நான் அங்க போய் என்ன வாய் பேசினேன்! அந்தக் கம்ப்யூட்டர்காரர் முகத்தைப் பாத்தீங்களா? நீங்க பக்கத்துல நின்னுக்கிட்டு... ஒரு வார்த்தை..."

"வேணாம்னு சொன்னேனே."

"அதுவா சொல்ற லட்சணம்!"

தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு அவரை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விடலாமா என்று கோபம் வந்தது. அந்தக் கோபத்துக்குள்ளேயே, பெரிய பாதி முட்டையைத் தன் தட்டில் வைத்த கை ஞாபகம் வந்தது. அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது. திரும்பிப் போய் மேனேஜரிடம் உண்மையைச் சொன்னால் ஏணி. சொல்லாவிட்டால் நெஞ்சில் முள். பத்தடி நடந்து, நின்று, மறுபடி பத்தடி நடந்தாள். சொல்ல முடியாது என்று அவளுக்கே தெரிந்தது.

"டீச்சர் வீடு எங்க?"

"இங்கருந்து ரெண்டாவது சிக்னல்."

"போயி மன்னிப்புக் கேட்டுட்டு வாங்க. கம்பெனி சார்பா இல்ல, உங்க சார்பா. சாப்பாட்டு நேரத்துல வேணும்னேதான் எடுக்கலன்னு உங்க வாயால சொல்லணும். அவங்க கம்பெனிக்கு எழுதினா எழுதட்டும்."

அவர் போனார். ஒரு மணி நேரம் கழித்து வந்தார். என்ன சொன்னார்கள் என்று அவள் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்து அவராகவே சொன்னார்.

"ரொம்பத் திட்டுனாங்க. நிக்க வெச்சே திட்டுனாங்க. அப்புறம், இனிமே சாப்பிடும்போது போனை யார்கிட்டயாவது குடுத்துட்டு சாப்பிடறதுக்கு என்ன கேடுன்னு கேட்டாங்க."

தையல்காரி ஊசிகளைத் திரும்பத் தட்டில் கொட்டி, தட்டைத் தையல் மேசையிலிருந்து எடுத்துக்கொண்டுபோய் உயரத்தில், அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். இனி ஊசி வேண்டுமென்றால் ஒவ்வொரு தடவையும் எக்கி எடுக்க வேண்டும்.

மறுநாள் மதியம் அவர் வந்து கை கழுவி உட்கார்ந்தார். போனைச் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில், கண்ணுக்கு நேராக வைத்துக்கொண்டார். இரண்டாவது வாய் போகவில்லை, மணி அடித்தது. எச்சில் கையை ஒதுக்கிக்கொண்டு எழப்போனவரின் தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டு, அவள் போனை எடுத்தாள். உளுந்துப் பொத்தான்கள் அவளுக்கு அத்துப்படி.

"ஹலோ... அவங்க வீட்லருந்துதான் பேசறேன். உள்ள ஆள் மாட்டியிருக்கா?... இல்லையா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க... சரி. அவரு சாப்பிடறாரு. அரை மணி நேரத்துல கூப்பிடுவாரு."

போனை மேசைமேல் வைத்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பாக்கறீங்க? சோறு ஆறுது" என்றாள்.

மறுபடியும் அடித்தது. "உள்ள ஆள் மாட்டியிருக்கா?" என்றாள். இல்லை என்றார்கள். வைத்தாள். மூன்றாம் தடவை அடித்தபோதும் அதையே கேட்டாள். பிறகு போனை அவரிடம் நீட்டினாள்.

"மார்க்கெட் ரோடு கட்டடம். ரெண்டு பேராம், ஒருத்தர் குழந்தையாம்."

அவர் இடது கையால் வாங்கிப் பேசிக்கொண்டே வாசலுக்கு நடந்தார். தையல்காரி அவருடைய தட்டின்மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடினாள். தன்னுடையதையும் மூடி வைத்துவிட்டு, அவர் பேசி முடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.